பெட்டிக்குள் ஒரு எலக்ட்ரான்: நடுவில் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு எலக்ட்ரான் மாட்டிக்கொண்டிருக்கிறது. சுவர்களை அதனால் எந்தக் காலத்திலும் தாண்ட முடியாது. உள்ளே அதை இழுப்பதற்கோ தள்ளுவதற்கோ எதுவும் இல்லை, வெறும் இடம்தான். அந்த இடத்தைச் சமமாக மூன்று பங்கு போடுகிறோம்: இடது, நடு, வலது. எலக்ட்ரான் நடுப்பங்கில் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

மூன்றில் ஒன்று, 33.3 சதவீதம் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். ஆனால் அந்த எலக்ட்ரான் தனக்கு அனுமதிக்கப்பட்ட ஆகக் குறைந்த ஆற்றலோடு இருக்கிறது என்றால், சரியான விடை 60.9 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. உள்ளே எல்லா இடமும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, நடுவுக்கு மட்டும் என்ன சலுகை?

இந்த 60.9 எங்கிருந்து வருகிறது என்று கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த சைன், கொசைன், கொஞ்சம் தொகையிடல், இவ்வளவு போதும். சுவர்களும் தூரமும் மட்டும் உள்ள ஒற்றைப் பரிமாணப் பெட்டியையே எடுத்துக்கொள்கிறேன். குவாண்டம் இயங்கியலில் முழுசாகக் கையால் தீர்க்கக்கூடிய கணக்குகள் ரொம்பக் குறைவு. அவற்றில் ஆக எளியது இதுதான்.

முதலில் ஒரு பந்து

எலக்ட்ரானைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். உராய்வே இல்லாத தரை, இரண்டு பக்கமும் சுவர். பந்து ஒரே வேகத்தில் போய் முட்டி, திரும்பி வந்து முட்டி, ஓயாமல் அலைகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு நேரத்தில் ஒரு படம் எடுக்கிறீர்கள். படத்தில் பந்து நடுப்பங்கில் இருக்க எவ்வளவு வாய்ப்பு? பந்து தன் நேரத்தில் எத்தனை பங்கை நடுவில் கழிக்கிறதோ அவ்வளவு. வேகம் எங்கும் ஒன்று, மூன்று பங்கும் ஒரே நீளம், ஆகவே மூன்றில் ஒன்று.

வேகம் மாறினால் கதை மாறும். ஊஞ்சலைப் பாருங்கள். நடுவை விருட்டென்று கடந்துவிடும், இரண்டு ஓரத்திலும் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டுத்தான் திரும்பும். அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நூறு படம் எடுத்தால், பெரும்பாலான படங்களில் ஊஞ்சல் ஓரத்துப் பக்கமாகத்தான் இருக்கும். மெதுவாகப் போகும் இடத்தில் வாய்ப்பு அதிகம், வேகமாகப் போகும் இடத்தில் குறைவு.

சரி, அப்படியானால் எலக்ட்ரான் பெட்டியின் நடுவில் மெதுவாகப் போகிறது என்று சொல்லிவிடலாமா? முடியாது. உள்ளே எந்த விசையும் இல்லையே, அது எதற்காக வேகத்தைக் குறைக்க வேண்டும்? "இங்கிருந்து அங்கே போகிறது, போகும்போது மெதுவாகிறது" என்ற பேச்சே இங்கே உதவாது. வேறொரு படம் வேண்டும்.

வீணைத் தந்தியும் அலைச் சார்பும்

1926இல் எர்வின் ஷ்ரோடிங்கர் அந்தப் படத்தைக் கொடுத்தார். எலக்ட்ரானை ஓர் அலையாக எழுதினார். அதற்கு அலைச் சார்பு என்று பெயர். நம் பெட்டியில் இந்த அலைக்கு ஒரே ஒரு நிபந்தனை: சுவரைத் தாண்ட முடியாது என்பதால், இரண்டு சுவர்களிலும் அலை பூஜ்யமாக இருக்க வேண்டும்.

இரண்டு முனையும் கட்டப்பட்ட வீணைத் தந்திக்கும் இதே நிபந்தனைதான். மீட்டினால் தந்தி முழுவதும் ஒரே வளைவாக அதிரலாம். நடுவில் ஒரு கணு விழுந்து, ஒரு பக்கம் மேலே மறுபக்கம் கீழே என்று இரண்டு வளைவாக அதிரலாம். மூன்று, நான்கு என்று மேலே போகலாம். ஆனால் ஒன்றரை வளைவாக அதிர முடியாது, ஒரு முனை கட்டை விட்டு எழும்பிவிடும். எலக்ட்ரானின் அலையும் அப்படியே. ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்று வளைவு என்று முழு எண்ணிக்கை மட்டும்தான். இந்த எண்ணை ந என்று குறிப்போம்.

வளைவு கூடக்கூட ஆற்றலும் கூடும், அதுவும் எண்ணின் வர்க்கமாக. பெட்டியின் அகலம் 1 நானோமீட்டர் என்றால், எலக்ட்ரானுக்கு முதல் நிலையின் ஆற்றல் 0.376 எலக்ட்ரான் வோல்ட். இரண்டாவது அதைப்போல 4 மடங்கு, 1.504. மூன்றாவது 9 மடங்கு, 3.384. இடைப்பட்ட ஆற்றல் எதுவும் கிடையாது. பூஜ்ய ஆற்றலும் கிடையாது, ஏனென்றால் பூஜ்யம் வளைவு என்றால் அலையே இல்லை, அலையே இல்லாவிட்டால் உள்ளே எலக்ட்ரானும் இல்லை.

அதெல்லாம் சரி, இது எதனுடைய அலை? தந்தியில் அசைவது உலோகம். இங்கே அசைவது என்ன? எலக்ட்ரானின் மின்னூட்டமே பஞ்சு மாதிரி பரவிக் கிடக்கிறது என்றுதான் ஷ்ரோடிங்கர் முதலில் நினைத்தார். அதே 1926இல் மேக்ஸ் போர்ன் வேறு பதில் சொன்னார்: அலை பெரிதாக இருக்கும் இடத்தில் எலக்ட்ரான் அகப்பட வாய்ப்பு அதிகம். இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. போர்ன் தன் கட்டுரையில் முதலில் வாய்ப்பு அலையின் அளவைப் பொறுத்தது என்றுதான் எழுதியிருந்தார். அச்சுப்பிழை திருத்தும் நேரத்தில் அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்த்தார்: இன்னும் நுட்பமாக யோசித்தால், வாய்ப்பு அலையின் அளவை அல்ல, அதன் வர்க்கத்தைப் பொறுத்தது. அலைச் சார்புக்கு அவர் தந்த இந்த விளக்கத்துக்குத்தான் முக்கியமாக 1954இல் நோபல் பரிசு வந்தது. அதன் உயிர்நாடி ஓர் அடிக்குறிப்பில் இருந்திருக்கிறது.

ஏன் வர்க்கம்? இரண்டு வளைவு நிலையைப் பாருங்கள். இடப்பக்கம் அலை மேலே, அதாவது கூட்டல் மதிப்பு. வலப்பக்கம் கீழே, கழித்தல் மதிப்பு. வாய்ப்பு கழித்தலில் வர முடியுமா? "அவர் வீட்டில் இருக்க மைனஸ் 20 சதவீத வாய்ப்பு" என்று யாரும் சொல்வதில்லை. வர்க்கம் எடுத்துவிட்டால் கழித்தல் போய்விடும். குறி மட்டும் தேவையில்லை என்றால் வர்க்கத்துக்குப் பதிலாக வேறு வழியும் இருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். வர்க்கத்தை எடுத்தால்தான் காலம் போனாலும் மொத்த வாய்ப்பு 100 சதவீதத்திலேயே நிற்கும். வேறு எதை எடுத்தாலும் எலக்ட்ரான் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதாகவோ பெருகுவதாகவோ கணக்கு உளறும்.

அடர்த்தி வேறு, நிகழ்தகவு வேறு

இனிமேல் வசதிக்காகப் பெட்டியின் அகலத்தை 1 என்றே வைத்துக்கொள்வோம். தூரத்தை இடது சுவரிலிருந்து அளக்கிறோம். இடது சுவர் 0, வலது சுவர் 1, நட்டநடு 0.5. வட்டக் கணக்கில் வரும் 3.1416ஐப் பை என்று எழுதுகிறேன், மளிகைப் பையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ந வளைவுள்ள அலையின் வடிவம் சைன்(ந × பை × தூரம்). அதன் வர்க்கம் சைன்²(ந × பை × தூரம்). இந்த வர்க்க வளைகோட்டின் கீழே உள்ள மொத்தப் பரப்பு 1 ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் எலக்ட்ரான் பெட்டிக்குள் எங்கோ நிச்சயம் இருக்கிறது. இப்போது பரப்பு எவ்வளவு? சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் சேர்ந்தால் 1. பெட்டியின் முழு நீளத்துக்கும் இரண்டின் சராசரியும் சமம். ஆகவே ஒவ்வொன்றும் பாதி. பரப்பு அரை என்று வருகிறது, 1 ஆக வேண்டும், 2ஆல் பெருக்கினால் முடிந்தது:

அடர்த்தி = 2 × சைன்²(ந × பை × தூரம்)

இங்கேதான் முதல் தடுக்கல். முதல் நிலையில், நட்டநடுவில் இந்தச் சூத்திரத்தைப் போட்டால் 2 வரும். நிகழ்தகவு 2 என்றால் 200 சதவீதமா? இல்லை. இது நிகழ்தகவு இல்லை, நிகழ்தகவு அடர்த்தி. ஓர் ஊரின் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு இத்தனை ஆயிரம் என்று சொல்வார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு "இந்தப் புள்ளியில் எத்தனை பேர்?" என்று கேட்டால் அர்த்தம் இல்லை. "இந்தத் தெருவில் எத்தனை பேர்?" என்று கேட்டால், அடர்த்தியைத் தெருவின் பரப்பால் பெருக்கிச் சொல்லலாம். அதே மாதிரி, எலக்ட்ரான் துல்லியமாக 0.5 என்ற புள்ளியில் இருக்க வாய்ப்பு பூஜ்யம். 0.49க்கும் 0.51க்கும் இடையில் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், அடர்த்தி ஏறக்குறைய 2, அகலம் 0.02, பெருக்கினால் 0.04. 4 சதவீதம்.

இவ்வளவு குறுகிய இடைவெளிக்குப் பெருக்கல் போதும், அதற்குள் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு போன்ற அகலமான இடத்துக்கு அடர்த்தி ஏறி இறங்கும், அதனால் பரப்பைத் தொகையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கையால் போடுவோம்

சைன் வர்க்கத்தை நேரடியாகத் தொகையிடக் கஷ்டம். பள்ளியில் படித்த ஒரு முற்றொருமை கைகொடுக்கும்: சைன் வர்க்கத்தின் இரண்டு மடங்கு என்பது 1 கழித்தல் இரட்டைக் கோணத்தின் கொசைன். அதை நம் அடர்த்தியில் போட்டால்:

அடர்த்தி = 1 − கொசைன்(2 × ந × பை × தூரம்)

இதைத் தொகையிடுவது சுலபம். அ என்ற இடத்திலிருந்து ஆ என்ற இடம் வரைக்கும் பரப்பு:

நிகழ்தகவு = (ஆ − அ) − [சைன்(2 × ந × பை × ஆ) − சைன்(2 × ந × பை × அ)] ÷ (2 × ந × பை)

பார்க்க நீளமாகத் தெரியலாம். இரண்டு துண்டாக உடைத்துப் பார்த்தால் இதைவிட அழகான சூத்திரம் இந்தப் பாடத்தில் கிடையாது என்பது என் கட்சி. முதல் துண்டு (ஆ − அ). இது என்ன? வெறும் நீளம். பந்துக்கு நாம் சொன்ன அதே விடை! இரண்டாவது துண்டுதான் அலை போடும் திருத்தம். பந்தின் பங்கு, கழித்தல் அலையின் திருத்தம். குவாண்டம் விசித்திரம் எல்லாம் அந்த இரண்டாவது துண்டில்தான் ஒளிந்திருக்கிறது.

இப்போது முதல் நிலை, இடது மூன்றில் ஒரு பங்கு. ந = 1, அ = 0, ஆ = 1/3. பந்தின் பங்கு 0.3333. திருத்தம்: சைன்(2பை/3) ÷ 2பை. 2பை/3 என்பது 120 டிகிரி, அதன் சைன் 0.8660. இதை 6.2832ஆல் வகுத்தால் 0.1378. கழித்தால் 0.1955.

இடது பங்கில் 19.55 சதவீதம். வலது பங்கும் சமச்சீரால் அதே 19.55. மிச்சம் நடுவுக்கு 60.9. வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை. நான் பி.எஸ்ஸி. படித்தபோது ஒரு மாதத் தேர்வில் இதே கணக்கு வந்தது. படிகள் எல்லாம் சரி, கால்குலேட்டரில் 2.0944 என்று தட்டி, சைன் அழுத்தினேன். கால்குலேட்டர் டிகிரியில் இருந்தது. 120 டிகிரியின் சைனுக்குப் பதிலாக 2.09 டிகிரியின் சைனைக் கொடுத்தது, 0.0365. கடைசி விடை 0.3275. ஏதாவது ஏடாகூடமான எண் வந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். இது மூன்றில் ஒன்றுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கவே, "பரவாயில்லை, நியாயமான விடைதான்" என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டேன். திருத்திய தாளில் அந்த எண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் "ரேடியன்!" என்று ஒரே ஒரு வார்த்தை. கோணம் பையோடு வருகிறது என்றால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்க வேண்டும். டிகிரியில் இருந்தால் திருத்தம் மிகச் சின்னதாகி, குவாண்டம் விடை பந்தின் விடையாட்டம் வேஷம் போட்டுக்கொண்டு வரும். அதனால்தான் இந்தத் தப்பு கண்ணில் படுவதில்லை.

இரண்டாவது நிலையில் எல்லாம் தலைகீழ்

இப்போது ந = 2. அதே மூன்று பங்கு. நடுப்பங்குக்குச் சூத்திரத்தைப் போடுங்கள்: அ = 1/3, ஆ = 2/3. பந்தின் பங்கு அதே 0.3333. திருத்தத்தில் சைன்(8பை/3) கழித்தல் சைன்(4பை/3), அதாவது 0.8660 − (−0.8660) = 1.7320. இதை 4பையால், 12.5664ஆல் வகுத்தால் மறுபடியும் 0.1378. நடுப்பங்கு 0.1955. இரண்டு ஓரமும் தலா 40.2 சதவீதம்.

போன நிலையில் ஓரத்துக்கு வந்த அதே எண் இப்போது நடுவுக்கு வந்திருக்கிறது. சுவர்களும் மாறவில்லை, எலக்ட்ரானும் மாறவில்லை, ஆற்றல் மட்டும் ஒரு படி ஏறியது. 60.9 சதவீதம் இருந்த இடம் 19.55க்கு இறங்கிவிட்டது.

மூன்றாவது நிலையில் மூன்று வளைவும் மூன்று பங்கில் கச்சிதமாக உட்காரும், ஆகவே தலா 33.3. பந்தின் விடையேதான், ஆனால் இது பங்கு பிரித்த விதத்தால் வந்த தற்செயல். பத்தாவது நிலையில் இடது பங்குக்கு 0.3195, நூறாவது நிலையில் 0.3320. ஏன் மூன்றில் ஒன்றை நோக்கி நகர்கிறது என்று சூத்திரமே சொல்கிறது: திருத்தத்தின் கீழே ந இருக்கிறது. மேலே இருக்கும் சைன் எவ்வளவு முயன்றாலும் 1ஐத் தாண்டாது, கீழே ந ஏறிக்கொண்டே போகிறது, திருத்தம் தேய்ந்துவிடுகிறது. நிஜமான பந்துக்கு ந எண்ணிப் பார்க்க முடியாத அளவு பெரிது. அதனால்தான் பந்து விஷயத்தில் நம் வாய் தானாகச் சொல்லும் பதில் பலிக்கிறது.

இரண்டாவது நிலையைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒருவர் கை தூக்குவார். "நட்டநடுவில் அடர்த்தி பூஜ்யம். அப்புறம் எலக்ட்ரான் இடப்பாதியிலிருந்து வலப்பாதிக்கு எப்படிப் போகிறது?" ரொம்ப நல்ல கேள்வி. சும்மா சமாளிப்பதென்றால், பூஜ்யம் என்பது ஒரு புள்ளியில் மட்டும்தான், 0.49க்கும் 0.51க்கும் இடையில் வாய்ப்பு லட்சத்தில் 5 இருக்கிறது, அந்தச் சந்து வழியாகப் போகலாம் என்று சொல்லலாம். எண் சரி, பதில் தப்பு. முதல் நிலையில் அதே சந்துக்கு 4 சதவீதம் இருந்ததே என்று திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்வோம்.

உண்மையான பதில் கேள்வியிலேயே இருக்கும் "போகிறது" என்ற சொல்லைப் பிடிப்பது. இந்த நிலையில் எலக்ட்ரான் முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என்று நடமாடவில்லை. தந்தி இரண்டு வளைவாக அதிரும்போது இடது வளைவு வலது வளைவுக்கு எப்படிப் போகிறது என்று நாம் கேட்பதில்லை, இரண்டும் சேர்ந்தே ஓர் அதிர்வு. இங்கேயும் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஒரு நிலை. அளந்து பார்க்கும்போதுதான் எலக்ட்ரான் ஓரிடத்தில் அகப்படுகிறது.

அளப்பது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 60.9 சதவீதம் என்பதற்கு அர்த்தம் இது: ஒரே மாதிரி ஆயிரம் பெட்டி தயார் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு எலக்ட்ரானை முதல் நிலையில் வைத்து, ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை பார்த்தால், ஏறக்குறைய 609 பெட்டிகளில் அது நடுப்பங்கில் இருக்கும். சரியாக 609 வராது, 595 வரலாம், 620 வரலாம். ஒரே பெட்டியை ஆயிரம் தடவை திறந்து பார்ப்பது வேறு சமாசாரம். முதல் தடவை பார்த்ததுமே அலையின் வடிவம் கலைந்துவிடும், அதற்கப்புறம் அது பழைய முதல் நிலை இல்லை.

இரண்டு நிலைகளைக் கலந்தால்

இதுவரை பார்த்த நிலைகளில் நேரம் போனாலும் நிகழ்தகவு மாறுவதில்லை. இன்றைக்கும் 60.9, நாளைக்கும் 60.9. அசைவு வேண்டும் என்றால் கலக்க வேண்டும். முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும் சம அளவில் கலந்த ஓர் எலக்ட்ரானை எடுத்துக்கொள்வோம். அது இடப்பாதியில் இருக்க வாய்ப்பு என்ன?

முதல் நிலையில் இடப்பாதிக்கு 50 சதவீதம், இரண்டாம் நிலையிலும் 50, ஆகவே கலந்தாலும் 50 என்று தோன்றும். தப்பு. நிகழ்தகவுகளைக் கூட்டக் கூடாது. முதலில் அலைகளைக் கூட்ட வேண்டும், அப்புறம்தான் வர்க்கம். இடப்பாதியில் இரண்டு அலையும் மேலே, கூடிக்கொள்கின்றன. வலப்பாதியில் ஒன்று மேலே, மற்றது கீழே, ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. கூட்டி, வர்க்கம் எடுத்து, தொகையிட்டால் 50 சதவீதத்தோடு 4/(3பை), அதாவது இன்னொரு 42.4 சதவீதம் சேர்கிறது. மொத்தம் 92.4.

அது அங்கேயே நிற்காது. இரண்டு அலைகளின் ஆற்றல் வேறு என்பதால் அவை வேறு வேறு தாளத்தில் ஓடுகின்றன. சிறிது நேரத்தில் ஒன்றின் குறி மற்றதற்கு நேர் எதிராகிவிடும். அப்போது இடப்பாதி 7.6 சதவீதம், வலப்பாதி 92.4. பிறகு பழையபடி. வாளியில் அரைவாசித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலம்புமே, அதே மாதிரி. 1 நானோமீட்டர் பெட்டியில் ஒரு முழு அலம்பலுக்கு 3.67 ஃபெம்டோநொடி. ஒரு நொடியை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மறுபடியும் ஆயிரமாக்கினால் அது ஒரு ஃபெம்டோநொடி.

இதே கலவையின் ஆற்றலை அளந்தால்? சராசரி 0.94 எலக்ட்ரான் வோல்ட் என்று வரும், ஆனால் எந்த ஒரு அளவீட்டிலும் 0.94 கிடைக்காது. பாதி தடவை 0.376, பாதி தடவை 1.504.

சுவரைத் திடீரென்று நகர்த்தினால்

பரீட்சையில் கேட்கப் பிடித்த இன்னொரு கணக்கு உண்டு, எனக்கும் ரொம்பப் பிடிக்கும். எலக்ட்ரான் முதல் நிலையில் இருக்கிறது. வலது சுவரைச் சட்டென்று தள்ளி, பெட்டியின் அகலத்தை இரண்டு மடங்காக்குகிறோம். அலைக்கு வடிவம் மாற நேரமே கிடைக்காத அளவு வேகமாக. புதிய பெட்டியில் எலக்ட்ரான் எந்த நிலையில் இருக்கும்?

பழைய அலை புதிய பெட்டியின் இடப்பாதியில் ஒற்றை வளைவாக உட்கார்ந்திருக்கிறது, வலப்பாதி காலி. புதிய பெட்டியின் எந்த நிலைக்கும் அது சொந்தமில்லை, பல நிலைகளின் கலவை அது. ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு பங்கு என்று கண்டுபிடிக்க, பழைய அலையையும் அந்த நிலையின் அலையையும் பெருக்கித் தொகையிட்டு, வரும் எண்ணின் வர்க்கத்தை எடுக்க வேண்டும். மறுபடியும் வர்க்கம், போர்ன் விடமாட்டார்.

போட்டுப் பார்த்தால், புதிய முதல் நிலைக்கு 32/(9பை²), அதாவது 36.0 சதவீதம். இரண்டாம் நிலைக்குச் சரியாக 50. மூன்றாம் நிலைக்கு 13.0. மிச்சமிருக்கும் 1 சதவீதத்தை மேல்நிலைகள் பகிர்ந்துகொள்கின்றன. முதல் நிலையில் இருந்த எலக்ட்ரான் இரண்டாம் நிலைக்கு ஏறிவிட்டதா, ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டாம். அகலம் இரண்டு மடங்கானால் ஒவ்வொரு நிலையின் ஆற்றலும் கால்வாசியாகிறது. புதிய இரண்டாம் நிலையின் ஆற்றல் கால் பங்கின் 4 மடங்கு, அதாவது பழைய முதல் நிலையின் அதே 0.376. எல்லாப் பங்குகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தாலும் அதே 0.376தான். வெறும் இடத்தைத் திறந்துவிட்டதால் யாரும் எலக்ட்ரானுக்கு எதுவும் கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

நிஜமான பெட்டிகள்

இதெல்லாம் கரும்பலகைப் பெட்டிதானே என்று ஒதுக்கிவிட முடியாது. குவாண்டம் புள்ளிகள் என்று சில நானோமீட்டர் அளவில் குறைகடத்தித் துணுக்குகளைச் செய்கிறார்கள். எலக்ட்ரானுக்கு அந்தத் துணுக்கே பெட்டி. பெட்டி சிறுத்தால் ஆற்றல் படிகளின் இடைவெளி பெரிதாகும், அதனால் ஒரே பொருளில் செய்த துணுக்கு பெரிதாக இருந்தால் சிவப்பாகவும் சிறிதாக இருந்தால் நீலமாகவும் ஒளிரும். க்யூஎல்இடி என்று விற்கும் டிவிக்களில் நிறத்துக்கு இவைதான் காரணம். இவற்றைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காக மௌங்கி பாவெண்டி, லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆனால் நிகழ்தகவையே கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் 1993க்குப் போக வேண்டும். கலிபோர்னியாவில் ஐபிஎம்மின் அல்மடேன் ஆய்வகத்தில் குரோமி, லுட்ஸ், ஐக்லர் மூவரும் செம்புப் பரப்பின் மேல் 48 இரும்பு அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வட்டமாக வேலி கட்டினார்கள். வேலியின் விட்டம் சுமார் 14 நானோமீட்டர். செம்பின் மேற்பரப்பில் திரியும் எலக்ட்ரான்கள் அந்த வேலிக்குள் மாட்டிக்கொண்டன. படம் எடுத்துப் பார்த்தால் உள்ளே வட்டம் வட்டமாக மேடும் பள்ளமும், குளத்தில் கல் போட்ட மாதிரி, ஆனால் அசையாமல் நின்றபடி. மேடு இருக்கும் இடத்தில் அடர்த்தி அதிகம், பள்ளத்தில் குறைவு. நாம் தாளில் போட்ட சைன் வர்க்கத்தின் வட்ட வடிவ உறவினர் அது.

இந்த நிஜப் பெட்டிகளுக்கும் நம் கணக்குக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நாம் சுவரைத் தாண்டவே முடியாது என்று வைத்துக்கொண்டோம், அலை சுவரில் சுத்தமாகப் பூஜ்யம். உண்மையில் எந்தச் சுவருக்கும் ஓர் அளவுதான் உயரம். அலை சுவருக்குள்ளும் கொஞ்சம் நுழைந்து, வேகமாகத் தேய்ந்து மறையும். ஆகவே 0 முதல் 1 வரை தொகையிட்டால் முழுசாக 100 சதவீதம் வராது, ஒரு சின்னப் பங்கு வெளியே கசிந்திருக்கும்.

அந்தக் கசிவைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. அல்மடேன் படத்தை எடுத்தது ஊடுருவல் நுண்ணோக்கி. அதன் ஊசிமுனை செம்பைத் தொடுவதே இல்லை, சில அணுக்களின் அகலத்துக்கு மேலே தொங்குகிறது. செம்பை விட்டு மேலே கசியும் அந்த அலைவாலைத்தான் அது மின்னோட்டமாகப் பிடிக்கிறது. ஊசியை ஒரு மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மேலே தூக்கினாலே மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். எலக்ட்ரான்கள் பூரணமாக அடைபட்டிருந்தால் ஊசிக்கு எதுவும் எட்டியிருக்காது, அந்த வட்டங்களும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.